தாமதம் இல்லாத செவ்வாய்

மார்ஸ் சொசைட்டி 2007-இலிருந்து அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் நடத்திவரும் மாணவர் போட்டி, யுனிவர்சிட்டி ரோவர் சேலஞ்ச். அதில் எனக்குப் பிடித்த விதி: ஓட்டுபவர் ரோவரை நேரில் பார்க்கக் கூடாது. கேமரா காட்டுறதை வச்சுத்தான் ஓட்டணும். பாறைக்குப் பின்னாடி போய் சிக்னல் அறுந்தா வண்டி அங்கேயே நின்னுடும்.

ஆனா ஒண்ணு இடிக்குது. பூமியிலிருந்து செவ்வாய்க்கு ரேடியோ சமிக்ஞை போய்ச்சேர சுமார் 3 முதல் 22 நிமிடம். அதனால்தான் கியூரியாசிட்டியை யாரும் ஜாய்ஸ்டிக்கால் ஓட்டுவதில்லை. ஒரு நாளைக்கான கட்டளைகளை மொத்தமாக எழுதி அனுப்புகிறார்கள். போட்டியிலோ கையை அசைச்சா உடனே சக்கரம் திரும்புது. செவ்வாயில் இறங்கிய மனிதர்களோடு சேர்ந்து வேலை செய்யப்போகும் ரோவர் இது என்பது அமைப்பாளர்களின் கற்பனை. அந்தக் கணக்கில் தாமதம் வேண்டாம்தான். மனுஷன் இன்னும் அங்கே போகலையே!

தானாக வழி கண்டு போகும் சுற்று ஒன்று இருக்கிறது, நல்லது. ஆனால் சுவிட்சைத் தட்டுவது, இழுப்பறையைத் திறப்பது மாதிரியான சுற்றில் ஜெயிப்பது பெரும்பாலும் கைப்பழக்கம். அங்கே வெறும் பத்து விநாடி தாமதம் வைத்துப் பார்க்கலாம். பாதி அணிகள் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வச்சுட்டு நிரல் எழுத உட்கார்ந்துடும்.