டிக்கன்ஸ் வரைந்த ஆலைநகரம்

கைத்தொழிற் புரட்சி ஆங்கில மக்களின் வாழ்வை மாற்றியவாற்றை அறிய விழைவோர் பலர் முதலில் நாடும் நாவல் சாள்ஸ் டிக்கன்ஸின் ‘ஹாட் ரைம்ஸ்’ ஆகும். 1854ஆம் ஆண்டு ஏப்பிரில் முதல் ஓகத்து வரை அவர்தம் வார இதழிலே வெளிவந்த இந்நூலை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுதல் எவ்வளவிற்குப் பொருந்தும்?

கோக்ரவுண் என்னும் கற்பனை நகரின் வருணனையிற் குறை காண்டல் அரிது. புகையாற் கறுத்த செங்கற் சுவர்களையும், சாயத்தால் ஊதா நிறமுற்ற ஆற்றையும் காட்டிய டிக்கன்ஸ், ஓயாது ஏறியிறங்கும் நீராவியெந்திரத் தண்டைத் துயரத்தாற் பித்துற்ற யானையின் தலைக்கு ஒப்பிடுகின்றார். கட்டுத்தறியில் நின்று தலையசைக்கும் யானையைக் கண்டவர்க்கு இவ்வுவமையின் கொடுமை நன்கு புலப்படும்.

குறை, தொழிலாளர் பகுதியிலேயே உளது. 1847இல் வெட்டப்பட்ட நூற்றுக்குப் பத்து வீதக் கூலியை மீளக் கேட்ட பிறெஸ்ரன் நகரப் பஞ்சாலைத் தொழிலாளரை முதலாளிமார் 1853இல் கதவடைத்து வெளியே நிறுத்தினர். 1854 சனவரியில் ஆங்கு நேரிற் சென்ற டிக்கன்ஸ், அடுத்த மாதம் எழுதிய கட்டுரையில் அவர்தம் ஒழுங்கையும் பொறுமையையும் போற்றினார். ஆரவாரப் பேச்சாளனொருவனைக் கூட்டத் தலைவர் அடக்கியதையும் கூறினார். நாவலிலோ, அத்தகைய பேச்சாளனே சிலாக்பிரிட்ஜ் என்னும் பெயருடன் சங்கத்தின் முகமாகிவிடுகிறான். நல்லவனாகிய ஸ்ரீபன் பிளக்பூல் சங்கத்திற் சேர மறுப்பதற்கு, றேச்சலுக்குக் கொடுத்த வாக்கு என்பதன்றி வேறு காரணம் காட்டப்படவில்லை. அவ்வாக்கின் காரணமும் விளக்கப்படவில்லை. கண்ணாற் கண்டதை ஆசிரியர் கதைக்காகக் கைவிட்டார் என்றே கொள்ளல் வேண்டும்.

அவ்வாண்டு செத்தெம்பரில் அதே இதழிலே தொடங்கிய ‘நோர்த் அன்ட் சவுத்’ இவ்வகையில் மேம்பட்டது. அதனை எழுதிய எலிசபெத் காஸ்கெல் மாஞ்செஸ்ரரில் வாழ்ந்தவர். ஹிக்கின்ஸ் என்னும் தொழிலாளி சங்கம் ஏன் வேண்டுமென நியாயம் பேசுகிறான். ஆலையதிபர் தோண்டனுக்கும் நியாயம் உண்டு. பஞ்சுத்தூசி நெஞ்சிற் படிந்து ஹிக்கின்ஸின் மகள் இறக்கிறாள். சங்கம் தன்னிற் சேராதாரை ஒறுத்த கடுமையையும் அம்மையார் மறைத்தாரல்லர்.

எனினும், ஆலையின் கணக்கு பள்ளிக்கூடத்துள் நுழைந்ததைக் கண்டவர் டிக்கன்ஸே. ஆலையிலே மனிதர் ‘கைகள்’. கிறாட்கிறைண்டின் பள்ளியிலே பிள்ளைகள் இலக்கங்கள். குதிரைகளிடையே வளர்ந்த சிசி குதிரைக்கு வரைவிலக்கணம் கூறமாட்டாது விழிக்க, பிற்சர் என்னும் மாணவன் பல்லின் தொகை முதலாக ஒப்புவித்துப் பாராட்டுப் பெறுகிறான். வளர்ந்த பின், வங்கிப் பணத்தைத் திருடிய கிறாட்கிறைண்டின் மகனைப் பிடித்துக்கொடுக்க வருபவனும் அவனே. பழைய தொடர்பை நினைவூட்டி அத்தந்தை இரந்து நிற்கையில், தன் படிப்புக்குரிய பணம் அன்றே செலுத்தப்பட்டதென்றும், பள்ளியை விட்டபொழுதே அவ்வியாபாரம் முடிந்ததென்றும் பிற்சர் விடை கூறுகிறான்.