மழை நாளில் கரிசல் பலகாரம்: எப்படி ரசிப்பது?

ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் கோவில்பட்டி வட்டாரத்தில் கரிசல் மண் இளகிக் காலைப் பிடித்துக்கொள்ளும். வெளியூர்க்காரர்கள் பயணத்தைத் தள்ளிப்போடுவார்கள். ஆனால் இந்த வட்டாரப் பலகாரங்களை அறிய அதைவிடத் தோதான நாள் கிடையாது. பாகின் பதத்தையும் எண்ணெயின் சூட்டையும் மழை ஈரம் சோதித்துக் காட்டிவிடும்.

முதலில் கடலை மிட்டாய். 1940-களில் பொன்னம்பல நாடார் கடலையையும் வெல்லத்தையும் சேர்த்துச் செய்த மிட்டாயிலிருந்து இதன் கதையைச் சொல்வார்கள். 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடும் கிடைத்தது. வெல்லம் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அதனால் கொதிக்கும் பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, அது இறுகி முறிகிறதா என்று பார்த்த பிறகே வறுத்துத் தோல் நீக்கிய கடலையைக் கொட்டுவார்கள். பதம் தப்பிய மிட்டாய் அடைமழை நாளில் பிசுபிசுத்துப் பல்லில் ஒட்டும். நல்ல மிட்டாயோ அன்றைக்கும் ‘டக்’கென்று முறியும். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வாயில் போடுங்கள். வறுத்த கடலையின் மணம் முந்த வேண்டும், இனிப்பு பின்னால் வர வேண்டும். மேலே தூவிய வண்ணத் தேங்காய்ப்பூ கண்ணுக்குத்தான்.

அடுத்தது கழுகுமலை, கோவில்பட்டியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். ஐப்பசியில் கந்தசஷ்டிக் கூட்டம் இருக்கும். தென்மாவட்டத் திருவிழாக் கடைகளில் தேடவேண்டியது கருப்பட்டி மிட்டாய். அரிசியும் உளுந்தும் அரைத்த மாவைத் துளையிட்ட துணியில் எடுத்து, காயும் எண்ணெயில் சுற்றுச் சுற்றாகப் பிழிவார்கள். வெந்ததும் கருப்பட்டிப் பாகில் முக்குவார்கள். இதை ஆறவிடுவது பாவம்! கொட்டகை ஓரம் நின்றபடி சூடாகக் கடித்தால், மேல்தோல் மொறுமொறுக்க, உள்ளே நிறைந்த பாகு நாக்கில் இறங்கும். கழுகுமலை மேலுள்ள எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர்களின் வெட்டுவான் கோயிலுக்குப் பாறை காய்ந்த பிறகு ஏறலாம்.

திருவிழா என்றதும் தொலைவிலுள்ள இன்னோர் ஊர் நினைவுக்கு வருகிறது. பிரான்சின் பாஸ்க் கிராமமான எஸ்பெலெட்டில், அக்டோபர் கடைசியில், ஊர் மிளகாய்க்கென்றே ஒரு திருவிழா நடக்கிறது. வீட்டு முகப்புகளில் செம்மிளகாய்ச் சரங்கள் தொங்கும். அந்த மிளகாய் 2000-லேயே ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பு பெற்றுவிட்டது. கடலை மிட்டாய்க்கும் கோவில்பட்டி அப்படியொரு விழா எடுக்கலாம். எடுக்கவேண்டும்.

கோவில்பட்டிக்குத் திரும்பி மதுரைச் சாலையில் வடக்கே போனால், வைப்பாற்றங்கரையில் சாத்தூர். காராச்சேவுக்குப் பேர்போன ஊர். கடலை மாவு, வற்றல், பூண்டு, அவ்வளவுதான். அடுப்பு எரிகிற கடையாகப் பார்த்து வாங்குங்கள். பூண்டு வாசம் எண்ணெய் வாசத்தை மிஞ்சி நிற்க வேண்டும், உறைப்பு மெதுவாக ஏற வேண்டும். கூடவே கருப்பட்டிக் காப்பி கிடைத்தால் விடவேண்டாம்.

வீட்டுக்கு வாங்குகிறவர்கள் மூடி இறுகிய தூக்குவாளி ஒன்றைக் கையோடு கொண்டுபோவது நல்லது. காகிதப் பொட்டலத்தைப் பஸ் ஜன்னலோரம் வைத்தால், ஊர் போய்ச் சேருவதற்குள் சேவு நமத்துவிடும்.