1.33 கிகாஹெர்ட்ஸின் ஆட்டம்

2001 அக்டோபரில் களமிறங்கிய ஒரு பிராசசரைப் பலர் இன்றும் தவறாகவே நினைவு வைத்திருக்கிறார்கள். ஓடியது 1.33 கிகாஹெர்ட்ஸில், பெயரோ 1500+. இல்லாத வேகத்தைப் பெயரில் ஒட்டிக்கொண்ட ஏமாற்று என்று அப்போதே முத்திரை குத்திவிட்டார்கள். ஆட்டத்தை விட்டுவிட்டுக் கடிகாரத்தை மட்டும் பார்த்தவர்களின் தீர்ப்பு அது.

பந்தின் வேகத்தை மட்டும் வைத்து எந்தப் பந்துவீச்சாளரையும் எடைபோடுவதில்லை. பிராசசருக்கு மட்டும் ஏன் இந்த அநீதி?

பார்க்க வேண்டியது ஒரே ஒரு முடிவைத்தான்: புரோகிராம் கிளை பிரியும் இடத்தில் பிராசசர் என்ன செய்கிறது? விடை தெரியும்வரை அது காத்திருப்பதில்லை. எந்தப் பக்கம் என்று ஊகித்து முன்னேறிவிடுகிறது. ஊகம் தப்பினால், வேலை கட்டம் கட்டமாக நகரும் பைப்லைனில் பாதி முடிந்து நிற்பதெல்லாம் வீண். 2000 இறுதியில் வந்த எதிரணி பிராசசரின் பைப்லைனுக்கு 20 கட்டங்கள். வேலையைச் சிறுசிறு துண்டாக நறுக்கியதால் கடிகாரம் ஏறியது. தப்பிய ஊகத்துக்கான அபராதமும் கூடவே ஏறியது. 1.33-க்கு 10 கட்டங்கள்தான். தப்பினாலும் சட்டென்று மீண்டுவிடும், ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் கூடுதல் வேலையை முடிக்கும். அந்தத் தாழ்ந்த கடிகாரம் இயலாமை அல்ல, தெரிந்தே எடுத்த முடிவு.

எதிரணிப் பாணி எங்கே போய் முட்டியது? 2004-இல் கட்டங்கள் 31 ஆயின. சூடும் மின்செலவும் எகிறின. 4 கிகாஹெர்ட்ஸ் திட்டம் அதே ஆண்டில் கைவிடப்பட்டது.

அதற்காக 1500+ என்ற லேபிளுக்கு வக்காலத்து வாங்க முடியாது. ஆடுகிற அணியே மதிப்பெண்ணும் போடக் கூடாது. இதற்கு முன்பே, 1996-இல் 133 மெகாஹெர்ட்ஸ் பிராசசர் ஒன்று 166+ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அலுவலக மென்பொருள்களில் அந்த எண் எடுபட்டது. மிதவைப்புள்ளிக் கணக்கு மிகுந்த ‘குவேக்’ விளையாட்டில் எடுபடவில்லை.

நடுவர் இல்லாமலில்லை. 1988-இல் உருவான ஸ்பெக் அமைப்பு, நிஜப் புரோகிராம்களை ஓட்டி, பிடிக்கும் நேரத்தை ஓர் அடிப்படைக் கணினியின் நேரத்தோடு ஒப்பிடுகிறது. அங்கேயும் குறுக்குவழி தேடினார்கள். முதல் தொகுப்பிலிருந்த மேட்ரிக்ஸ்300 சோதனையில் கம்பைலர் வித்தையாலேயே மதிப்பெண் எகிறியது. 1992 தொகுப்பில் அந்தச் சோதனையையே தூக்கிவிட்டார்கள். நடுவர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

இன்று மடிக்கணினி விளம்பரங்களில் கொட்டை எழுத்தில் நிற்பது டர்போ வேகம். மெல்லிய மடிக்கணினியில் சூடேறியதும் அது இறங்கிவிடும். வரும் ஆண்டுகளில் இந்த எண் மதிப்பிழக்கும். நெடுநேரம் ஓடியும் நிலைக்கிற வேகமும், அதற்குச் செலவாகும் வாட்டும் அந்த இடத்தைப் பிடிக்கும். ஊகத்தில் தேர்ந்து, ஒரே துடிப்பில் பல வேலைகளை முடிக்கும் நிதானமான பிராசசர்களே முன்னுக்கு வரும். அடுத்த மடிக்கணினி வாங்கும்போது கடைக்காரரிடம் கேளுங்கள்: அரைமணி நேரம் ஓடிய பிறகு இதன் வேகம் என்ன, எத்தனை வாட்டில்?