தேனீ சொல்லும் கதை: நகையும் உண்மையும்

தொல்காப்பியம் எண்ணும் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகை முதலாவதாக நிற்கிறது. மருட்கையும் அவற்றுள் ஒன்று. சிறுவர்க்கு அறிவியல் கூறப் புகும் நூலில் இவ்விரண்டும் ஒருங்கே அமைதல் அரிது. நகை மிகுந்தால் செய்தி திரிகிறது. செய்தி மிகுந்தால் நூல் பாடப்புத்தகமாகிவிடுகிறது. இவ்விடரைக் கடந்த நூல்களுள் ஒன்று, அமெரிக்க உயிரியல் அறிஞர் ஜே ஹோஸ்லர் எழுதித் தாமே படமும் வரைந்த ‘கிளான் ஏப்பிஸ்’ என்னும் சித்திரக்கதை. 2000-ஆம் ஆண்டு கறுப்பு வெள்ளையில் நூலாகிய இக்கதை, 2021-இல் வண்ணம் பெற்று, ‘தி வே ஆஃப் தி ஹைவ்’ என்னும் பெயரில் மீண்டும் வெளிவந்தது.

கதைத்தலைவி நியூகி, சுவாஹிலி மொழியில் அப்பெயருக்குத் தேனீ என்பதே பொருள். புழுப்பருவத்தில் அவள் உருமாற்றத்தை எண்ணி அஞ்சுகிறாள். துவோரா என்னும் மூத்த தேனீ அவளைத் தேற்றுகிறாள். முதல்நாள் பள்ளிக்குச் செல்ல மறுக்கும் குழந்தையின் பிடிவாதம் போன்றது அவ்வச்சம். படிப்பவர்க்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் அச்சத்துக்குக் காரணமான நிகழ்ச்சி கற்பனையன்று. முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, 21 நாட்களில் சிறகுடைய வேலைக்காரத் தேனீயாக வெளிவருவது இயற்கையின் உண்மை.

நகை இந்நூலில் செய்தியின்மேல் தூவப்பட்ட சர்க்கரையன்று, செய்தியினின்றே பிறப்பது. சாண உருண்டையை உருட்டும் வண்டுக்குச் சிசிபஸ் என்று பெயர். பாறையை மலைமேல் ஓயாது உருட்டச் சபிக்கப்பட்ட கிரேக்கப் புராண மன்னனை அறிந்தவர்க்கு நகை இருமடங்கு. அறியாச் சிறுவர்க்கோ சாணமே போதும்!

பூச்சிகளைப் பேசவைப்பதே பொய்யன்றோ என வினவுவார் உளர். பேச்சு, கதை மரபு; அதனைக் குழந்தையும் அறியும். பிழை வேறிடத்தில் நேர்கிறது. 2007-இல் வெளிவந்த ‘பீ மூவி’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தில், மலர்தேடிச் செல்லும் வீரத் தேனீக்கள் ஆண்கள். உண்மையில் அவ்வேலையைச் செய்வன யாவும் பெண் தேனீக்களே. ஆண் தேனீக்குக் கொடுக்கும் இல்லை, உணவு தேடும் தொழிலும் இல்லை. பார்ப்பவர் அறியாமலே மனத்தில் பதியும் இத்தகைய பொய்யே தீங்கானது. ஹோஸ்லர் அதனைச் செய்யவில்லை.

எனினும் ஒரு குறையைச் சுட்டாதிருத்தல் இயலாது. பல்லாயிரம் தேனீக்கள் கூடி ஓருயிர்போல் இயங்குவதே தேன்கூட்டின் வியப்பு. ஒருத்தியின் அச்சத்தையும் ஆசையையுமே பின்தொடரும் கதை, அவ்வியப்பைச் சற்று மறைக்கிறது. அக்குறையை ஈடுசெய்வது முடிவு. கோடைக்கால வேலைக்காரத் தேனீயின் வாழ்நாள் ஏறத்தாழ ஆறு வாரமே. குளிர்காலத் தேனீ சில மாதங்கள் வாழலாம், அவ்வளவே. எனவே நியூகி இறக்கிறாள். சிறுவர் நூல் என்பதற்காக ஆசிரியர் சாவை ஒளிக்கவில்லை. தலைவி மறைந்தும் கூடு தொடர்கிறது. சிரித்து வந்த சிறுவன் அங்கே மௌனமாகிறான். கூடு என்றால் என்னவென்று அப்போதுதான் அவனுக்கு விளங்குகிறது.

குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில், தலைவன் தும்பியிடம் தனக்கு இனிப்பதைச் சொல்லாது, கண்டதைச் சொல்லுமாறு கேட்கிறான். இனிப்பதையே சொல்லிப் பழகிய சிறுவர் இலக்கியத்திடம் நாம் கேட்க வேண்டியதும் அதுவே. கண்டதைச் சொல்லியும் சிரிக்கவைக்கலாம் என்பதற்கு இந்நூல் சான்று.