ஊசல் சொல்லட்டும்

முதல் மணி அடிப்பதற்கு அரை மணி நேரம் முன்னதாகவே எங்கள் பௌதிக ஆசிரியர் பரிசோதனைச் சாலையின் கதவைத் திறந்து, அன்று வகுப்பில் காட்ட வேண்டிய சோதனையை, பார்ப்பவர் ஒருவரும் இல்லாத அந்த வேளையில், தாம் ஒருவராகவே ஒரு தடவை செய்து பார்த்துக்கொள்வார். பல ஆண்டுகளாகக் காட்டிவந்த சோதனையேயாயினும் இந்த ஒத்திகை தவறியதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காற்றின் ஈரம் கண்ணாடிக் கோலில் படிந்து நிலைமின்சாரத்தைத் தங்கவிடாது என்பதை அறிந்து, கோலையும் பட்டுத் துணியையும் மாசி வெயிலுக்கென்று ஒதுக்கி வைத்திருப்பார். இசைக்கவையை மேஜை விளிம்பில் தட்டினால் அதன் சுருதி கெடும் என்று, ரப்பர் துண்டொன்றை எப்போதும் அதன் பக்கத்திலேயே வைத்திருப்பார். தாமிரபரணிக் கரையில் இருந்த அந்தப் பள்ளியில், அவருடைய மேஜைக்கு எதிரே அமர்ந்திருந்த காலத்தில், இவையெல்லாம் ஒரு கலையின் அங்கங்கள் என்று நான் உணரவில்லை. பின்னாளில் நல்ல கச்சேரிகளைக் கேட்டு, ராகத்தை எங்கே நிறுத்துவது என்று அறிந்த வித்வான்களை ரசிக்கப் பழகிய பிறகே, அவருடைய அருமை எனக்கு விளங்கிற்று.

அவர் தனி ஊசலைப் பாடம் சொன்ன நாள் இன்றும் என் கண்முன் நிற்கிறது. இரும்புத் தாங்கியில் பிளந்த தக்கையொன்றைப் பொருத்தி, அதன் இடுக்கில் நூலைக் கவ்வச் செய்து, தொங்கும் புள்ளியிலிருந்து பித்தளைக் குண்டின் மையம்வரை சரியாக ஒரு மீட்டர் இருக்கும்படி அளந்தார். குண்டு நடுநிலையைக் கடக்கும்போதுதான் அதிக வேகத்தோடு செல்கிறது. ஆகையால் அங்கே குறித்துக்கொண்டால்தான் நேரத்தில் பிழை குறையும் என்றார். எண்ணும்போது 'பூஜ்யம்' என்றே தொடங்க வேண்டும். 'ஒன்று' என்று தொடங்குகிறவன் பத்தொன்பது அலைவுகளை எண்ணிவிட்டு இருபது என்று எழுதுவான் என்றும் எச்சரித்தார். வகுப்பு முழுவதும் ஒரே குரலாக எண்ணியது. இருபது அலைவுகளுக்கு நாற்பது விநாடி ஆயிற்று.

இனித்தான் அவருடைய கலை. "நூலைப் பாதியாக்கினால் எத்தனை விநாடி ஆகும்?" என்று கேட்டு, விடையை ஒவ்வொருவனும் தன் நோட்டில் எழுதி, அதன்கீழ்க் கையெழுத்தும் இடவேண்டும் என்றார். பாதி நூலுக்குப் பாதி நேரம் என்பதில் எவனுக்குச் சந்தேகம்? ஏறக்குறைய எல்லோரும் இருபது என்றே எழுதினோம். அவர் எங்கள் விடைகளைப் பார்த்தார். புன்னகை செய்யவில்லை, தலையசைக்கவுமில்லை. முன்வரிசையில் இருந்த ஒருவன் பொறுக்கமாட்டாமல், "சரிதானா, ஸார்?" என்று கேட்டான். "என்னைக் கேட்காதே, அப்பா, குண்டைக் கேள்" என்று சொல்லிவிட்டு, ஐம்பது சென்டிமீட்டராகக் குறைத்த ஊசலை மெல்ல விலக்கிக் கையை எடுத்துக்கொண்டார். இருபதாவது விநாடியில் ஊசல் பதினான்காவது அலைவைத்தான் முடித்திருந்தது. எண்ணிக்கொண்டிருந்த குரல்கள் தடுமாறின. இருபது அலைவுகள் முடிந்தபோது கடிகாரம் இருபத்தெட்டைக் காட்டிற்று. பிறகு இருபத்தைந்து சென்டிமீட்டர் நூலில் அதே இருபது அலைவுகள் இருபது விநாடியில் முடிந்தபோது, நேரம் பாதியாக வேண்டுமானால் நீளம் நாலில் ஒன்றாக வேண்டும் என்பதை, கரும்பலகையில் சூத்திரம் ஏறுவதற்கு முன்பே, கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுந்து சொன்னான்.

விடையை அறிந்தவன் அதைச் சொல்லாமல் அடக்கிக்கொள்வதைவிடக் கடினமான சாதனை போதிக்கும் தொழிலில் வேறில்லை என்று நான் கருதுகிறேன். தம்முடைய வாக்கைப் பிரமாணமாகக் கொள்ளும்படி கேட்காமல், மாணவனையும் இயற்கையையும் நேருக்குநேர் நிறுத்திவிட்டு, நடுவிலிருந்து தாம் ஒதுங்கிக்கொள்கிற ஆசிரியரிடத்தில்தான் அந்தச் சாஸ்திரம் உயிரோடு விளங்குகிறது.

வகுப்பின் முடிவில் அவர் ஒரு கதை சொன்னார். 1672-இல் ழான் ரிஷே என்னும் பிரெஞ்சு வானநூலார், தென் அமெரிக்காவில் பூமத்திய ரேகையை அடுத்துள்ள கயேன் என்னும் ஊருக்குச் சென்று, பாரிஸில் விநாடி தவறாது நடந்த ஊசல் அங்கே நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டரை நிமிஷம் பின்தங்கக் கண்டு, அதன் நீளத்தை மூன்று மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவான அளவு குறுக்கவேண்டியதாயிற்று. அந்த அற்ப அளவில், பூமி துருவங்களில் தட்டையாகவும் இடையில் பருத்தும் இருக்கிறது என்பதற்கு நியூட்டன் ஒரு சாட்சியத்தைக் கண்டார்.

அந்தக் கதையை அவர் ஏன் சொன்னார் என்பது, எங்கள் ரெக்கார்டு நோட்டுக்கள் திருத்தப்பெற்றுத் திரும்பி வந்தபோது தெரிந்தது. ஊசலைக்கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடும் சோதனையில், பாடப்புத்தகத்தில் கண்டபடி 980 என்று அச்சுப்பிசகாமல் எழுதிக் கொடுத்தவர்கள் பலர். நானும் அவர்களில் ஒருவன். மாலை நேரங்களில் ஒவ்வொரு அட்டவணையையும் பொறுமையோடு மறுபடி கணக்கிட்டுப் பார்த்திருந்த அவர், எங்கள் நோட்டுக்களைத் தனியே அடுக்கிவைத்து, பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகிலுள்ள நம் ஊரில் அந்த அளவு 978-ஐ ஒட்டியே இருக்கும் என்றும், கடன் வாங்கிய எண்ணைக் கயேனில் நின்ற ஊசல் அன்றே காட்டிக்கொடுத்துவிட்டது என்றும் அமைதியாகக் கூறினார். அன்று அவருடைய பாராட்டைப் பெற்றவன், 968 என்று தான் கண்டதை எழுதி, நூல் சற்றே நெகிழ்ந்திருக்கலாம் என்ற குறிப்பையும் ஒளிக்காமல் சேர்த்திருந்த ஒருவன்.

ஊசலைப் பற்றி நான் கற்ற சூத்திரம் எத்தனையோ புத்தகங்களில் கிடைக்கும். கண்டதைக் கண்டபடி எழுதவேண்டும் என்ற நாணயத்தை அந்த மேஜையின்முன்தான் கற்றேன். இதைப் படிக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: உங்கள் இல்லத்தில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை இருந்தால், இன்று மாலையே ஒரு கல்லை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். முதலில் அவனுடைய ஊகத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கல்லை விட்டுவிட்டு, நீங்களும் ஒன்றும் சொல்லாமல் அவனோடு சேர்ந்து எண்ணுங்கள், பூஜ்யத்திலிருந்து.