மேல் மாடி காலி

அமெரிக்காவில் ஹாம் ரேடியோ லைசென்ஸில் மூன்று வகுப்பு: டெக்னீஷியன், ஜெனரல், எக்ஸ்ட்ரா. (ஹாம் என்றால் காசு வாங்காமல், ஆசைக்காக, சொந்த ரேடியோவில் ஊர் பேர் தெரியாதவர்களோடு பேசுகிறவர்கள். பி.காம். படித்த எனக்கு அந்தக் 'காசு வாங்காமல்' புரியவே கொஞ்ச நாளாயிற்று.) முதல் வகுப்புக்கு 35 கேள்வி; 26 சரியென்றால் பாஸ். கேள்வி, பதில் எல்லாம் முன்கூட்டியே வெளியிட்டு விடுகிறார்கள். தந்திப் பரீட்சை 2007 பிப்ரவரியோடு அடியோடு போச்சு.

வேடிக்கை என்னவென்றால், 50 மெகாஹெர்ட்ஸிலிருந்து மேலே ஹாம்களுக்கு ஒதுக்கியது அத்தனையும் ஆரம்ப வகுப்புக்காரருக்கே உண்டு. எக்ஸ்ட்ரா பாஸ் செய்தவருக்கு அங்கே துளிகூட அதிகம் கிடையாது. கஷ்டப்பட்டுப் பரீட்சை எழுதிக் கிடைப்பது, கீழே இருக்கிற சிற்றலைதான். மாடிப்படி ஏறி கிரவுண்ட் ஃப்ளோருக்குப் போகிற கதை! அந்தச் சிற்றலைப் பட்டைகள் எல்லாவற்றையும் கூட்டினாலும் 4 மெகாஹெர்ட்ஸ் தேறாது. மேலே 144-லிருந்து 148 வரை ஒரே பட்டை, அதுவே 4.

சிற்றலை வானத்தில் முட்டித் திரும்பும், கண்டம் தாண்டும். மேலே உள்ளது பெரும்பாலும் நேர்கோட்டில் போய்விடும். ஆகவே புதுசாக வந்தவர் கையடக்க ரேடியோவை வாங்கி, நாலு தடவை கூப்பிட்டுப் பார்த்து, பதில் வராமல் மேஜை டிராயரில் போட்டுவிடுகிறார். 2018-ல் அங்கத்திய ஹாம் சங்கமான ஏ.ஆர்.ஆர்.எல்., டெக்னீஷியன்களுக்கும் சிற்றலையில் கொஞ்சம் பேச இடம் கொடுங்கள் என்று அரசிடம் மனுப் போட்டது. நல்ல எண்ணம்தான். ஆனால் மேல் மாடியில் ஒன்றுமில்லை என்று சங்கமே சொல்லிவிட்டால் யார் ஏறுவார்கள்?

ஒன்றுமில்லையா? 1993-ல் இயற்பியல் நோபல் வாங்கிய ஜோசப் டெய்லரும் ஒரு ஹாம். 2001-ல் அவர் எழுதி இலவசமாகக் கொடுத்த கம்ப்யூட்டர் புரோகிராமால், ராட்சச ஆன்டெனா இல்லாதவர்களும் நிலாவில் சிக்னலை மோதவிட்டு எதிர்முனையோடு தொடர்பு கொள்ள முடிந்தது. போய்த் திரும்ப இரண்டரை விநாடி. இதற்கு டெக்னீஷியன் லைசென்ஸே போதும் சார்! இந்த ருசியைக் காட்டாமல் பரீட்சைக்கு மட்டும் தயார் செய்து அனுப்புகிறார்களே, அதுதான் என் புகார்.

சும்மா கிடக்கிற நிலத்துக்கு என்ன கதி என்று நமக்குச் சொல்லித் தர வேண்டாம். 1988-ல் 220-லிருந்து 222 மெகாஹெர்ட்ஸ் வரை ஹாம்களிடமிருந்து எடுப்பதென்று அரசு முடிவு செய்தது. விடாமல் கேட்டது யு.பி.எஸ். (கரண்ட் போனால் கைகொடுக்கிற பெட்டி இல்லை, பார்சல் கம்பெனி). 2020-ல் 3.3 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இருந்த பட்டையும் செல்போன்களுக்காகக் கைமாறியது. அங்கே ஹாம்கள் இரண்டாம் பட்சக் குடித்தனக்காரர்கள்தான், வாஸ்தவம். ஆனால் வீடு நிறைய ஆள் இருந்திருந்தால் இத்தனை சுலபமாகக் காலி செய்யச் சொல்லியிருப்பார்களா?

220-ஐக் கேட்ட பார்சல் கம்பெனி, பிற்பாடு தன் வேலைக்கு செல்போன் கம்பெனிகளிடம் போய்விட்டது. அந்த 2 மெகாஹெர்ட்ஸ் ஹாம்களுக்குத் திரும்பி வரவில்லை.