மேகங்களுக்கு மேலே ஓர் அழகு

போர் விமானம் ஒன்று மேகங்களுக்கு மேலே, மாலை வெயிலில் பொன்முலாம் பூசியதுபோல் மின்னும் படத்தைக் காணாதவர் நம்மில் வெகு சிலரே. நாட்காட்டிகளிலும் இதழ்களின் நடுப்பக்கங்களிலும் அதனைப் பார்த்திருக்கிறோம். பார்த்தவுடன் உள்ளம் விரிகிறது. 'அழகு!' என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அந்த அழகு எவ்வாறு பிறக்கிறது, எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் மறைக்கிறது என்று நின்று கேட்பதில்லை. கவிதைக்கும் நாடகத்திற்கும் திறனாய்வு உண்டெனில், இலட்சக்கணக்கான கண்களைக் கவரும் இப்படங்களுக்கும் அது வேண்டுமல்லவா?

இவை தரையிலிருந்து எடுக்கப்படுபவை அல்ல. பறக்கும் ஒரு விமானத்திலிருந்து பறக்கும் மற்றொரு விமானத்தை எடுக்கும் படங்கள். பல நாட்டு விமானங்கள் ஓரிடத்தில் கூடும் வான்காட்சி வாரங்கள் இக்கலைஞர்களுக்கு அறுவடைக் காலம். இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் பகுதியிலுள்ள ஃபேர்ஃபோர்டு விமானத்தளத்தில் ஜூலைத் திங்களில் நடைபெறும் வான்காட்சி இவற்றுள் புகழ் பெற்றது. நம் நாட்டில் 1996 முதல் பெங்களூரு எலகங்காவில் நடந்துவரும் ஏரோ இந்தியா காட்சியும் இவ்வகையினதே. வேறு நாட்களில் ஒருசேரக் காணக் கிடைக்காத விமானங்கள் அந்நாட்களில் அருகருகே வந்து நிற்கின்றன.

இக்கலையின் முன்னோடிகளுள் ஒருவர் இங்கிலாந்தின் சார்லஸ் பிரவுன் (1896-1982). மேகத்தைப் பின்னணியாக மட்டும் கொள்ளாமல், படத்தின் மற்றொரு பாத்திரமாகவே ஆக்கியவர் அவர். அவருடைய படங்கள் இன்று லண்டன் ஹெண்டனில் உள்ள அரச விமானப்படை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. நம் காலத்தில் ஜப்பானியரான கட்சுஹிகோ டோகுனாகா இத்துறையில் முதன்மையானவராகப் போற்றப்படுகிறார். போர் விமானத்தின் பின்னிருக்கையில் கட்டுண்டு அமர்ந்து, விமானம் திரும்பும்போது உடலின் எடை பன்மடங்காகி அழுத்தும் வேளையிலும் கேமராவை நிலைநிறுத்தும் பயிற்சி பெற்றவர். இவர்களுடைய படங்களைக் கலை என்று ஒப்புவதில் எவருக்கும் தயக்கம் இருக்க இயலாது.

முதலில் இக்கலையின் மெய்யான சிறப்பைப் பேசுவோம். புறப்படுவதற்கு முன்னரே இரு விமானிகளும் படக்கலைஞரும் கூடியமர்ந்து, யார் எப்பக்கம் வருவது, எவ்வளவு நெருங்குவது, ஏதேனும் பிழை நேர்ந்தால் யார் எத்திசையில் விலகுவது என்று ஒவ்வொன்றையும் பேசி முடிவு செய்கின்றனர். வானில் ஏறியபின் புதிதாக எதையும் கண்டுபிடிக்கக்கூடாது என்பதே இவர்களின் முதல் விதி. கதிரவன் தாழ்ந்திருக்கும் காலை, மாலை ஒளியையே தேர்கின்றனர். கண்ணாடிக் கூண்டில் தம் உருவமே பிரதிபலிக்காதிருக்க இருண்ட நிற உடை அணிகின்றனர். ஆகவே நல்ல படம் ஒவ்வொன்றும் தனிமனிதரின் வெற்றியன்று. ஒருவர் உயிரை மற்றவர் கையில் ஒப்படைக்கும் நம்பிக்கையின் கனி. அப்படத்தில் நாம் உணரும் அமைதி, அந்த நம்பிக்கையின் அமைதியே எனலாம்.

எனினும் இப்படங்களில் ஒரு வியப்பான பொய்யும் கலந்திருக்கிறது. ஜெட் விமானத்தின் படத்தைப் பார்க்கும் நாம், 'என்ன வேகம்!' என்கிறோம். உண்மையோ நேர்மாறானது. படமெடுக்கப் பெரிதும் பயன்படும் ஊர்திகளுள் ஒன்று ஸ்கைவேன் என்னும் சிறு சரக்கு விமானம். அதன் பின்கதவைத் திறந்து வைத்து, கலைஞர்கள் இடுப்பில் வார் கட்டி அமர்ந்து படமெடுப்பர். மணிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டருக்கு மேல் விரைய இயலாத அவ்வூர்தியோடு இணைந்து வருவதற்காக, ஒலியை முந்தும் ஆற்றலுடைய ஜெட் விமானம் தரையிறங்கும் வேகத்திற்குத் தன்னைக் குறைத்துக்கொண்டு, மூக்கை உயர்த்தித் தத்தளித்தபடி பின்தொடர்கிறது. வேகத்தின் சின்னமாக நாம் மெச்சும் படம், அவ்விமானம் மிக மெதுவாகப் பறந்த நொடியின் படமாக இருப்பதுண்டு!

புரொப்பெல்லர் விமானங்களில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். ஷட்டரை மிக விரைவாக இயக்கினால் படம் கூர்மையாக விழும். ஆனால் சுழலும் புரொப்பெல்லர் உறைந்து நின்று, விமானம் உயிரற்ற பொம்மைபோல் தோன்றும். ஷட்டரைத் தாழ்த்தினால் புரொப்பெல்லர் ஒளிவட்டமாய்ச் சுழலும். ஆனால் கலைஞரின் கை சற்று நடுங்கினாலும் படம் கெடும். தேர்ந்த கலைஞர் இரண்டாவது வழியையே நாடுகிறார். பாதுகாப்பான கூர்மையைத் துறந்து, உயிர்த்துடிப்பைத் தேடும் துணிவு அது. கைத்திறன் கலையாக உயரும் இடம் இதுவே.

ஆயினும் திறனாய்வு இங்கே நின்றுவிட இயலாது. இப்படங்கள் எதைத் தம் சட்டத்திற்கு வெளியே தள்ளுகின்றன? முதலாவதாக, படமெடுக்கும் விமானத்தை. இரண்டாவதாக, தரையை. மூன்றாவதாக, அவ்விமானம் எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த நோக்கத்தை. இறக்கையின் கீழே ஏவுகணை தொங்குகிறது. அதன் இலக்கு மட்டும் எந்தப் படத்திலும் இல்லை.

முதல் மறைப்பு ஒருமுறை கொடுமையாகக் கிழிந்தது. 1966-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள், கலிஃபோர்னியாவின் வானில் ஐந்து விமானங்கள் அணிவகுத்தன. நடுவில் எக்ஸ்.பி.-70 வால்கைரி என்னும் வெண்ணிறப் பெருவிமானம். இருபுறமும் நான்கு சிறு ஜெட் விமானங்கள். ஐந்தையும் இயக்கியவை ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் எஞ்சின்கள். அந்நிறுவனத்தின் விளம்பரத்திற்காகவே இந்த அணிவகுப்பு. லியர்ஜெட் ஒன்றிலிருந்து படங்கள் எடுக்கப்பட்டன. படப்பிடிப்பு முடியும் தறுவாயில், விண்ணின் விளிம்பைத் தொட்டு வந்த புகழ்பெற்ற விமானி ஜோ வாக்கர் செலுத்திய எஃப்-104 பெருவிமானத்தின் இறக்கை நுனியில் மோதி, புரண்டு, அதன் வால்சிறகுகளை அறுத்தெறிந்தது. வாக்கரும், பெருவிமானத்திலிருந்த கார்ல் கிராஸும் மாண்டனர். அல் ஒயிட் மட்டும் காயங்களுடன் உயிர் தப்பினார்.

அன்று எடுத்த படங்கள் இன்றும் உள்ளன. மோதலுக்கு முந்தைய படத்தைப் பாருங்கள்: நீலவானம், சீரான அணி, மாசற்ற அழகு. அடுத்து வருவதோ தீப்பிழம்பும் புகையும். முந்தைய படத்தில் ஆபத்தின் அறிகுறி எதுவும் சாதாரணக் கண்ணுக்குத் தென்படவில்லை என்பதே நம்மை உலுக்குகிறது. அழகு ஆபத்தை நீக்கிவிடவில்லை; அதைப் பார்வையிலிருந்து நீக்கியிருந்தது. விளம்பரப் படம் ஒன்றிற்காக இரு மனிதர் மாண்டனர் என்னும் உண்மையை எந்த ஒளியமைப்பும் ஈடு செய்யாது.

மற்ற இரு மறைப்புகளுக்கும் ஃபேர்ஃபோர்டே சான்று. 2003-ஆம் ஆண்டு மார்ச் திங்களில் அந்த ஓடுதளத்திலிருந்தே அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானங்கள் ஈராக்கை நோக்கிப் பறந்தன. அதே ஆண்டு ஜூலையில் அதே தளத்தில் வான்காட்சி நடந்தது. குடும்பங்கள் குழந்தைகளோடு வந்து அண்ணாந்து பார்த்து மகிழ்ந்தன. ஓடுதளம் ஒன்றே. இடைவெளி நான்கு திங்கள். மார்ச்சில் அவ்வொலியைக் கேட்டு நிலவறையில் பதுங்கிய பாக்தாதின் குழந்தையும், ஜூலையில் தந்தையின் தோளில் அமர்ந்து கைதட்டிய குழந்தையும் மேலே பார்த்தது ஒரே வானத்தைத்தானே? இருவரில் ஒருவரின் வானம் மட்டுமே நம் நாட்காட்டிகளில் இடம்பெறுகிறது.

அப்படியானால் இப்படங்களை வெறுத்து ஒதுக்க வேண்டுமா? அது எளிய வழி, நேர்மையான வழியன்று. வாளின் கைப்பிடியில் கொல்லன் செதுக்கிய பூவேலையை அழகற்றது என்று எவரும் சொல்வதில்லை. பூவேலையைப் பார்த்து வாளை மறப்பதுதான் குற்றம். கலைஞர் தம் கடமையைச் செய்கிறார். மறவாமை பார்ப்பவரின் கடமை.

எனினும் இப்படங்களுக்குள்ளேயே தரம் பிரிக்க ஓர் அளவுகோல் உண்டு என்று கருதுகிறேன். எந்திரத்தை மட்டும் தெய்வச் சிலைபோல் நிறுத்தும் படங்கள் எத்துணை ஒளி பெற்றிருப்பினும் விளம்பரங்களே. கண்ணாடிக் கூண்டுக்குள், தலைக்கவசம் அணிந்து, பக்கத்து விமானத்தை இமைக்காமல் நோக்கும் மனிதரை நமக்குக் காட்டும் படங்களும் உள. அவற்றில் எந்திரம் சிறுத்து மனிதர் தெரிகிறார். அவர் பிழை செய்யக்கூடியவர், அஞ்சக்கூடியவர், ஆணைக்குக் கீழ்ப்பட்டவர், வீட்டில் காத்திருப்போரை உடையவர். அந்தச் சிறு முகத்தைக் கண்டபின், கீழே தரையிலும் முகங்கள் உண்டு என்ற நினைவு தானே எழுகிறது. அந்நினைவை எழுப்பும் படமே நல்ல படம்.